அறிவாற்றல் உளவியல்: ஸ்கெட்ச் பேனாவும் ஸ்டாப்வாட்சும் வைத்துத் தொடங்குங்கள்

அறிவாற்றல் உளவியல் படிக்கலாம் என்று பாடநூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு வரையறை நிற்கும்: கவனம், நினைவு, மொழி, சிந்தனை ஆகியவற்றை ஆராயும் துறை. சரி, மனப்பாடம் செய்தாயிற்று, என்ன புரிந்தது? ஒன்றுமில்லை. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, இரண்டு தாள், ஸ்டாப்வாட்சுக்கு ஒரு ஃபோன், பத்து நிமிடம் ஒதுக்கக்கூடிய ஓர் ஆள், இவ்வளவையும் தேடிப் பிடியுங்கள்.

முதல் தாளில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றி இருபது பொட்டு வையுங்கள். இரண்டாவது தாளில் இருபது நிறப்பெயர்களை எழுதுங்கள், ஆனால் பெயர் ஒன்று, மை வேறாக இருக்க வேண்டும். ‘சிவப்பு’ என்பதைப் பச்சையில், ‘நீலம்’ என்பதைக் கறுப்பில், இப்படி. இரண்டு தாளிலும் மையின் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்லச் சொல்லி நேரம் பாருங்கள். இரண்டாவதில் நாக்கு குழறும், நேரம் கூடும், சிரிப்பும் வரும். படிக்க வேண்டாம் என்றாலும் கண் படித்துத் தொலைக்கிறது, அதை அடக்கத்தான் அந்தக் கூடுதல் நொடிகள். இன்னும் எழுத்துப் பழகாத குழந்தைக்கு இந்தத் தடுமாற்றமே இருக்காது. அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது.

இரண்டு நேரங்களையும் கழித்துப் பாருங்கள். இந்தக் கழித்தல்தான் துறையின் உயிர்நாடி என்பேன். மனத்தைத் திறந்து பார்க்க முடியாது, ஆனால் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் செய்யும் பிழையையும் அளக்கலாம். டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் 1868-லேயே இதைச் செய்திருக்கிறார்: ஒரே ஒரு தூண்டலுக்கு (ஒளி, ஒலி போன்றது) பதில் செய்ய ஆகும் நேரம், பலவற்றில் எது வந்தது என்று பார்த்துப் பதில் செய்ய ஆகும் நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடையாளம் கண்டு தேர்வு செய்ய ஆன நேரம்.

இனி வரலாற்றைத் தொடலாம். அதை ஆண்டுப் பட்டியலாகப் படிக்காமல் ஒரு சண்டையாகப் படியுங்கள். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வுண்ட், பயிற்சி பெற்றவர்களிடம் உள்ளே என்ன தோன்றியது என்று கேட்டார். சிக்கல் என்னவென்றால், இந்த வழியில் போனபோது ஓர் ஆய்வகம் ஒன்று சொல்ல இன்னொன்று வேறு சொன்னது, யார் சரி என்று தீர்க்க வழியில்லை. கடுப்பான அமெரிக்க உளவியலாளர் வாட்சன் 1913-இல் மனம் என்ற பேச்சே வேண்டாம், வெளியே தெரியும் நடத்தை போதும் என்றார். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் அவர் கட்சிக் கொடிதான் பறந்தது. அந்தக் கட்சிக்குள்ளேயே இருந்த டோல்மன்தான் எனக்குப் பிடித்தவர். பத்து நாள் சிக்கல்பாதைக்குள் உணவு எதுவும் வைக்காமல் அதில் எலிகளைச் சும்மா திரியவிட்டார், பதினோராம் நாள் உணவு வைத்ததும், முதலிலிருந்தே உணவு பெற்ற எலிகளுக்குச் சமமாக அவை சட்டென்று வழி பிடித்துவிட்டன. பரிசு இல்லாமலே ஏதோ ஒரு வரைபடம் தலைக்குள் ஏறியிருக்கிறது என்றுதானே பொருள்?

அப்புறம் கணினி வந்தது. உள்ளே நடப்பதைத் தகவல் செயலாக்கம் என்று கூச்சமில்லாமல் பேச ஒரு மொழி கிடைத்தது. 1956 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரே கருத்தரங்கில் உளவியலாளர் மில்லர், மொழியியலாளர் சாம்ஸ்கி, கணினியைச் சிந்திக்க வைக்க முயன்ற நியூவெல், சைமன் எல்லாரும் பேசினார்கள். செப்டம்பர் 11-ஐத்தான், உளவியல், மொழியியல், கணினியியல் எல்லாம் சேர்ந்து மனத்தை ஆராயும் அறிதல் அறிவியலின் பிறந்தநாளாக மில்லர் பிற்பாடு குறிப்பிட்டார்.

ஒரே மூச்சில் நினைவில் நிற்பது எத்தனை என்பதற்கு மில்லர் சொன்ன ‘ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு’ கணக்கையும் நீங்களே பார்த்துவிடுங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக, ராகம் போடாமல் வாசியுங்கள், கேட்பவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்லட்டும், மும்மூன்றாகப் பிரித்து வாசித்தால் நீங்களே உதவி செய்ததாகிவிடும். நான்கில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டினால் பெரும்பாலோர் ஏழையொட்டி எங்காவது சறுக்குவார்கள். அதே ஆளிடம் 191419452000 என்று கொடுத்து, முதல் உலகப்போர் தொடங்கிய ஆண்டு, இரண்டாவது முடிந்த ஆண்டு என்று காட்டிக்கொடுங்கள், பன்னிரண்டும் பிசகாமல் வரும். ஆக, அளவு இலக்கத்தில் இல்லை, பொட்டலத்தில் இருக்கிறது. இப்படிப் பொட்டலம் கட்ட வழியில்லாமல் செய்தால் கொள்ளளவு நான்கை ஒட்டித்தான் நிற்கும் என்று உளவியலாளர் கோவன் 2001-இல் வாதிட்டார், அதனால் ஏழைச் சட்டம் மாதிரிப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

பொறுமை இருந்தால் இன்னொன்று. பொருளற்ற அசைகள் பன்னிரண்டைப் பிழையில்லாமல் ஒப்பிக்க எத்தனை முறை படித்தீர்கள் என்று குறித்து வையுங்கள், மறுநாள் அதே பட்டியலைத் திரும்பப் படித்து எண்ணுங்கள். மறந்தே போச்சு என்று நினைத்த பட்டியலும் குறைந்த தடவையில் ஏறும், அந்த மிச்சம்தான் நினைவின் அளவு. ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னையே சோதனைப்பொருளாக்கி வருடக்கணக்கில் இதைச் செய்து 1885-இல் வெளியிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு பாடநூலுக்குப் போங்கள், முதலில் கவனம், அடுத்து நினைவு. துறைக்குப் பெயரை நிலைநிறுத்தியது 1967-இல் வந்த அமெரிக்க உளவியலாளர் நைசரின் நூல். அதே நைசர் 1976-இல், இந்த ஆய்வகச் சோதனைகள் அன்றாட வாழ்க்கையை விட்டு விலகிவிட்டன என்று தன் துறையையே குறை சொன்னார். உங்கள் ஸ்கெட்ச் பேனா தாளைப் பார்த்தும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.