ரிமோட் குறியீட்டுக்குக் காப்புரிமை நோட்டீஸ் வந்தால்

கோவை கணபதியில் பட்டறை வைத்து, தோட்டத்து மோட்டார்களுக்கு ரிமோட் செய்து தருகிறேன். அன்னூர்ப் பக்கம் ஒருவர் பொத்தானை அழுத்தினால் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ஓடியது. அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் அனுப்பும் எண் மாறுகிற மாறும் குறியீட்டுக்கு வந்தேன். சென்ற ஆண்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. குறியீட்டைப் பாதுகாக்கும் முறைக்குத் தங்களிடம் காப்புரிமை இருக்கிறது, தயாரிப்பை நிறுத்து என்றது. இரண்டு நாள் தூங்கவில்லை. உங்களுக்கும் வந்தால் பயந்துபோய் உடனே பதில் எழுதிவிடாதீர்கள்.

முதலில் காப்புரிமை எண்ணைப் பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமை இங்கே செல்லாது. இந்திய எண் என்றால் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். விண்ணப்பித்து 20 ஆண்டு கடந்துவிட்டதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்ததுதான் உயிர்நாடி. தலைப்பையும் படங்களையும் விட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களில், எது தங்களுக்கு மட்டுமே உரியது என்று எண் போட்டுச் சொல்லும் உரிமைகோரல்களைப் படியுங்கள். முதல் கோரலைத் துண்டு துண்டாகத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சர்க்யூட்டில் எது இருக்கிறது என்று குறியுங்கள். ஒரு துண்டு இல்லாவிட்டாலும் மீறல் என்பது பலவீனமாகிவிடும். ஆனால் பெயர் மட்டும் மாறி அதே வேலையைச் செய்யும் பகுதி இருந்தால் தப்ப முடியாது. எனக்கு நோட்டீஸ் அனுப்பியவர்களின் கோரலில், மோட்டார் பக்கம் இருக்கும் ரிசீவர் ஓர் எண்ணை அனுப்ப, ரிமோட் அதற்கு விடை சொல்ல வேண்டும். என் ரிமோட்டுக்குக் காதே கிடையாது. அழுத்தும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். கடைசியாகக் கேட்டதைவிடப் பெரிய எண்ணைத்தான் ரிசீவர் ஏற்கும், அவ்வளவுதான்.

2004-இல் அமெரிக்காவில் கேரேஜ் கதவு ரிமோட்டுக்காக ஸ்கைலிங்க் மீது சேம்பர்லெய்ன் நடத்திய மேல்முறையீட்டைச் சிலர் காட்டி மிரட்டுவார்கள். அதில் தோற்றது சேம்பர்லெய்ன். தவிர, அங்கே தீர்ப்பானது பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருளுக்குப் போட்ட பூட்டை உடைப்பது பற்றிய பிரிவு, காப்புரிமை அல்ல.

ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக நாமே நீதிமன்றம் போகக் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இடம் தருகிறது. காப்புரிமை இருக்கிறது என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டலாகாது. எனவே நோட்டீஸின் சொற்களை, காப்புரிமை வேலைக்கென்றே பதிவு பெற்ற காப்புரிமை முகவரிடம் காட்டுங்கள்.

பழைய ரசீதுகளையும் தேடி எடுங்கள். எனக்கு நோட்டீஸ் அனுப்பியவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 2014. மாறும் குறியீடு வைத்த என் முதல் ரிமோட்டின் ரசீது 2011. கிரீஸ் விரல் ரேகை இன்னும் அதில் இருக்கிறது. என் ரிமோட் அவர்கள் கோரலுக்குள் வருகிறது என்றால், அது 2011-லேயே கடையில் விற்றது, அவர்களுடையது புதிதல்ல. வரவில்லை என்றால் மீறலே இல்லை. முகவர் இந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் எழுதினார்.