காரில் இன்டேக், எக்ஸாஸ்ட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சினில் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் கூடுவது சில குதிரைத்திறன்தான். சத்தம் அதைவிட அதிகமாகவே கூடும். டர்போ எஞ்சினில் பலன் நன்றாகத் தெரியும், ஆனால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப்பும், அதாவது அதன் அமைப்புகளை மாற்றுவதும் சேர்ந்தால்தான். எதையும் கழற்றும் முன் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) மாட்டி, எஞ்சின் சூடான பிறகு லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலை வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும் அளவு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில், முக்கியம் குளிர்ந்த காற்று. உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் ரேடியேட்டர் வெப்பத்தைத்தான் இழுக்கும். கம்பெனி ஏர் பாக்ஸே மேல். கோன்தான் வேண்டுமென்றால் தடுப்புத் தகடு வைத்து அடைத்து, கிரில்லிலிருந்து குழாய் கொடுங்கள். பம்பருக்கு அடியில் இறக்காதீர்கள். தேங்கிய தண்ணீரை ஒருமுறை உறிஞ்சினாலே பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

பலரும் கோட்டை விடுவது மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது) இருக்கும் இடத்தில். அங்கே உள்விட்டம் 70 மி.மீ. இருந்ததை 76 ஆக்கினால் பரப்பு 18 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாகக் கடப்பதால் சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துக் காட்டும், ஈசியூவும் பெட்ரோலைக் குறைத்துவிடும். அதனால் அந்தத் துண்டை மட்டும் பழைய அளவிலேயே விடுங்கள். எண்ணெய் பூசும் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சார் கம்பியில் படியும். சென்சாரை அதற்கென விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கார்ப்பரேட்டர் கழுவும் கார்ப் கிளீனர் கூடாது.

எக்ஸாஸ்ட்டில், அதாவது புகை வெளியேறும் வழியில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடாதீர்கள். எடுத்தால் செக் எஞ்சின் விளக்கு எரியும், பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. அதற்குப் பின்னால் இருப்பதை மாற்றினால் போதும். உத்தேசமாக 100 குதிரைத்திறனுக்கு 2 அங்குலக் குழாய், 150க்கு 2.25, 200க்கு 2.5. தேவைக்கு மேல் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை மந்தமாகும். வளைவுகளில் குழாய் நசுங்காத மேன்ட்ரல் பெண்ட் கேட்டு வாங்குங்கள்.

முந்தைய நாளே துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றலாம். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தளர்வாகத் தொங்கவிட்டு, பாடி, பிரேக் லைன், டேங்க் எதிலிருந்தும் 25 மி.மீ. இடைவெளி பார்த்த பின், முன்னாலிருந்து பின்னால் வரிசையாக முறுக்குங்கள்.

திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, கையுறையோடு தடித்த துணியால் குழாய் வாயைச் சில நொடிகள் அடைத்தால், கசியும் இணைப்பில் 'ஸ்ஸ்' என்று கேட்கும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று ஏமாந்து ஈசியூ கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும், பழி சைலன்சர் மேல் விழும்.

புதுக்குழாய் முதலில் லேசாகப் புகைவது சகஜம். சூடாகி ஆறியதும் கிளாம்ப்களை மறுபடி முறுக்குங்கள். 100 கி.மீ. ஓட்டிய பின் ட்ரிம்மைப் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள்: ஐடிலில் கூடுதலாக இருந்து ஆர்பிஎம் ஏறும்போது குறைந்தால் மாஃப்புக்குப் பின்னால் காற்றுக் கசிவு, லோடு ஏற ஏறக் கூடினால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது, குழாய் விட்டத்தை அளந்து பாருங்கள்.