ஈயோட இடது வலது எவ்ளோ கோணலா இருக்குன்னு அளக்குறது எப்படி

ஒரு ஈயோட ரெண்டு றெக்கைக்கும் ஜீன் ஒண்ணுதான், புழுவா இருக்கும்போது தின்ன சாப்பாடும் ஒண்ணுதான், ஆனாலும் மைக்ரோஸ்கோப்ல வச்சு எண்ணுனா இடது பக்கம் 11 முடி வலது பக்கம் 13 முடின்னு நிக்கும். வளர்றப்போ உடம்பு தடுமாறுனதோட தடயம் இந்தக் கோணல். அதனாலதான் வெயில், நெரிசல், பூச்சி மருந்து இதெல்லாம் அந்தத் தடுமாற்றத்த கூட்டுதான்னு பாக்க இத அளக்குறாங்க.

முதல்ல எத அளக்குறதுன்னு முடிவு பண்ணுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது முடிய எண்ணுங்க, றெக்கை நீளத்துக்கு அப்புறம் போகலாம், ஏன்னா எண்ணிக்கையில ஸ்கேல் தப்பு வராது.

அடுத்து ஈ வளர்ப்பு, இங்கதான் பாதி பேர் சறுக்குறாங்க. மருந்துக்கு சாகாத ஈய ஒரு ஊர்லயும் சாகுற ஈய இன்னொரு ஊர்லயும் புடிச்சு ஒப்பிட்டா வித்தியாசம் ரெசிஸ்டன்ஸ் ஜீனால, அதாவது மருந்த தாங்க வைக்கிற ஜீனால வந்துச்சா இல்ல வேற நூறு ஜீனால வந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. அதனால ரெசிஸ்டன்ஸ் ஈய சாதா ஈயோட பல தலைமுறை திரும்பத் திரும்ப கலந்து மத்த ஜீனெல்லாம் ஒண்ணாக்கிட்டு, ஒரே சூடு, டப்பாவுக்கு ஒரே அளவு முட்டைன்னு வச்சு வளருங்க. ஒரு செட்டுக்கு எந்தத் தொல்லையும் வேணாம், இன்னொண்ணுக்கு சூடு, இன்னொண்ணுக்கு கொல்லாத அளவு மருந்து. ஆண் பெண் தனித்தனியா.

செத்த ஈய ஸ்பிரிட்ல போட்டு வச்சு, ரெண்டு றெக்கையையும் அடியோட பிடுங்கி ஒரே ஸ்லைடுல ஒட்டுங்க, ஒட்டுறதுக்கு முன்னாடியே இடது வலதுன்னு எழுதிருங்க, நான் ஒரு தடவ அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டு ஒரு ட்ரே முழுக்க குப்பையில போட்டேன்.

எண்ணும்போது எந்த ஈ எந்த செட்டுன்னு உங்களுக்கே தெரியக்கூடாது. நாலு நாள் கழிச்சு பழைய நம்பர பாக்காம எல்லாத்தையும் மறுபடி எண்ணுங்க. ஒரே றெக்கைய ரெண்டு தடவ எண்ணுனப்போ வர்ற வித்தியாசமும் இடது வலது வித்தியாசமும் ஒரே அளவுல இருந்தா நீங்க அளந்தது ஈய இல்ல, உங்க கண்ணத்தான். பத்து இருபது ஈயும் பத்தாது.

வலதுல இருந்து இடத கழிச்சு கிராஃப் போடுங்க. சராசரி பூஜ்யத்துல நின்னு மணி மாதிரி இருந்தாத்தான் இது தடுமாற்றக் கணக்கு. ஒரு பக்கமா சாஞ்சிருந்தாலோ ரெண்டு திமில் இருந்தாலோ அது அந்த பூச்சியோட இயல்பு, ஆண் ஃபிட்லர் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்குமே அந்த மாதிரி. இத பாத்துட்டுத்தான் மைனஸ் குறிய எடுத்துட்டு வித்தியாசத்தோட அளவ மட்டும் வச்சுக்கணும்.

ரிசல்ட் வந்ததும் ரெசிஸ்டன்ஸ்னாலே கோணல்னு குதிக்காதீங்க. ஆஸ்திரேலியாவுல செம்மறியாட்ட தாக்குற ஈ டயசினான்ங்கிற பூச்சி மருந்துக்கு ரெசிஸ்டன்ஸ் எடுத்தப்போ அந்த ஜீன் மருந்தே இல்லாத இடத்துலயும் முடி எண்ணிக்கைய கோணலாக்குச்சு, ஆனா வேற குரோமோசோம்ல இருந்த இன்னொரு ஜீன் பரவுனதும் கோணல் திரும்ப சாதா ஈ அளவுக்கே எறங்கிருச்சு, ரெசிஸ்டன்ஸ் மட்டும் அப்படியே இருந்துச்சு. அதனால உங்க ஈ நேரா இருந்தா அந்த ரெசிஸ்டன்ஸ் வந்து எத்தன வருஷம் ஆச்சுன்னு கேளுங்க, அப்புறம் கலப்பு போட்டு சரி பண்ற ஜீன பிரிச்சு எடுத்துட்டு மறுபடி எண்ணிப் பாருங்க.