எந்தக் கேமைப் புரட்சி என்று சொல்லலாம்? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

புதுக் கேம் ஒன்று வந்து ஒரு கிழமை போகவில்லை, அது கேம் உலகத்தையே புரட்டிப் போட்டுவிட்டது என்று பொடியள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதை எழுதவோ வீடியோ போடவோ வெளிக்கிடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கேம் வந்த பிறகு, மற்றவர்கள் கேம் செய்கிற விதம் மாறியதா?

யாழ்ப்பாணத்தவர்கள் எளிதில் விழக்கூடிய தவறு, நாங்கள் முதலில் பார்த்ததையே உலகமும் முதலில் பார்த்ததாக நினைப்பது. 1993 டிசம்பரில் டூம் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் வெளிவந்தபோது இங்கே கரன்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். 2002இல் ஏ9 வீதி திறந்து கொம்பியூட்டரும் சீடியும் பெருமளவில் வரத் தொடங்கியபோது, பல வருடத்துக் கேம்கள் ஒன்றாகக் கலந்து வந்து சேர்ந்தன. எது எதற்குப் பின்னால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் கனபேருக்கு ஜிடிஏ தொடரின் வைஸ் சிட்டிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். உண்மையில் 2002இல் வெளியான வைஸ் சிட்டி, அதற்கு முந்தைய வருடம் வந்த ஜிடிஏ 3ஐ மெருகேற்றியது. மேலிருந்து பார்த்து விளையாடிய நகரத்தை முப்பரிமாணத்தில் திறந்துவிட்டு, மிஷன் செய்வதா சும்மா சுற்றுவதா என்பதை விளையாடுகிறவரிடமே விட்ட பெரிய திருப்பம் 2001இல் நடந்தது. பெயரில் 3 இருப்பதால் அது வெறும் தொடர்ச்சி என்றும் நினைக்க வேண்டாம். எழுத முதல் வெளிவந்த ஆண்டுகளை ஒருக்கா வரிசைப்படுத்திப் பாருங்கள்.

அடுத்தது, முதலாவதாக வந்ததுதான் புரட்சி என்ற எண்ணம். விளையாடுகிறவரின் கண் வழியாகவே காட்சியைக் காட்டுவதை டூம் கண்டுபிடிக்கவில்லை. அதே நிறுவனத்தின் வொல்ஃபென்ஸ்டைன் 3டி 1992இலேயே வந்துவிட்டது, 1970களின் மேஸ் வார் அதற்கும் முந்தியது. டூம் செய்தது வேறு. முதற்பகுதியை இலவசமாகக் கொடுத்து, பிரதியெடுத்துப் பரப்பவும் விட்டது. கேமின் வரைபடங்களையும் படங்களையும் ஒலிகளையும் 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்ததால், விரும்பியவர்கள் தங்கள் சொந்த வரைபடத்தைச் செய்து சேர்க்க முடிந்தது. நெட்வொர்க்கில் நான்கு பேர் மோதவும் முடிந்தது. ரசிகர்களே கேமை மாற்றிச் செய்கிற அந்தப் பழக்கம் பெருகியதன் பலனைப் பிறகு பார்த்தோம். கவுண்டர் ஸ்ட்ரைக் 1999இல் ஹாஃப் லைஃபின் மோடாக, அதாவது ரசிகர்கள் மாற்றிச் செய்த வடிவமாகத் தொடங்கியது. டோட்டா 2003இல் வார்கிராஃப்ட் 3இன் மேப்பாக வந்தது. டூமைப் பற்றி எழுதுகிறவர்கள் இரத்தத்தையும் துப்பாக்கியையும் மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

கிராபிக்ஸை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2007இல் கிரைசிஸ் நல்ல கொம்பியூட்டர்களையே திணறடித்தது. 2011இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்டில் இருந்தது சதுரக் கட்டிகள். எதைப் பார்த்து மற்றவர்கள் கேம் செய்யத் தொடங்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

டிரெய்லரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். கனபேர் ஒரே களத்தில் மோதி, கடைசிவரை நிற்பவர் வெல்லும் பப்ஜி 2017இல் வந்தபோது அதன் அடிப்படை ஏற்கெனவே ஆர்மா 2இன் மோடாக இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் மறுப்பது கஷ்டம். அப்புறம் ஃபோர்ட்நைட் மாறியது, கோல் ஒஃப் டியூட்டி மாறியது, 2019இல் டெட்ரிஸ்கூட 99 பேர் மோதும் கேமாக வந்தது. கட்டி அடுக்கும் கேம் வரைக்கும் ஒரு யோசனை போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், அதைப் புரட்சி என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, புரட்சி இல்லையென்றால் கேம் மட்டமா? இந்தத் தவறுதான் நல்ல கேம்களுக்கு அநியாயம் செய்கிறது. 2015இன் விச்சர் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த உலகம், குதிரை, வாள், உரையாடலில் தெரிவுகள் எல்லாமே முன்பு இருந்தவை. ஆனால் ஒரு சின்னக் கிராமத்துப் பக்கவேலைக்கும் முழுக்கதைக்குரிய கவனத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிப்படியான வளர்ச்சி என்று எழுதுங்கள், எந்த இடத்தில் எவ்வளவு தூரம் வளர்த்திருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.