ஒரு பகுதியில் சமூகச் சேவையைத் தொடங்குவது எப்படி?

அரசின் உதவித் திட்டம் ஏட்டில் இருந்தும், அது சேர வேண்டியவரின் வாசலை எட்டாமல் நின்றுவிடும் இடத்தில்தான் தொண்டு நிறுவனத்தின் வேலை தொடங்குகிறது. ஆகவே, எதைக் கொடுக்கலாம் என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்கு முன், வீடு வீடாகச் சென்று எது தடைபட்டு நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூகச் சேவை இல்லத்தில் தங்கிப் பணியாற்றியவர்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பூர்விகத்தையும் வாரக் கூலியையும் வண்ண வரைபடங்களாக 1895இல் வெளியிட்டார்கள். உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கேட்கப் போனால் எதிர்பாராத பதில்கள் வரும். தனியே வாழும் மூதாட்டி ஒருவர் உணவுப் பொட்டலம் கேட்காமல், அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால் திரும்பி வந்த ஓய்வூதிய விண்ணப்பத்தை, நான்காக மடித்தபடியே எடுத்து நீட்டலாம். அந்தப் பெயரைத் திருத்த அவருடன் அலுவலகம் சென்று, வரிசையில் நின்று, ஒப்புகைச் சீட்டை வாங்கி அவர் கையிலேயே கொடுக்கும் தன்னார்வலர், பல மாதப் பொட்டலங்களைவிடப் பெரிய உதவி செய்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

முதல் ஆண்டில் ஒரே ஒரு சேவையை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், தவறாமல் செய்யுங்கள். இரண்டு வாரம் கதவு பூட்டியிருந்தால் மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். உங்களால் இயலாத மனநல சிகிச்சை, சட்ட உதவி, குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு போன்றவற்றுக்கு யாரிடம் அனுப்புவது என்ற பட்டியலைக் கையில் வைத்திருங்கள். முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், உதவி கேட்டு வந்தவரின் எதிரிலேயே தொலைபேசியில் பேசி, நேரம் வாங்கிக் கொடுங்கள். அவர் உங்களிடம் சொன்ன துயரம் வெளியே போகக்கூடாது. உதவி பெறுபவரை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் படத்துக்கு அஞ்சியே வராமல் போகிறவர்கள் உண்டு.

லாப நோக்கமற்றது என்றால் மிச்சமே இருக்கக்கூடாது என்று பொருளல்ல. மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக்கூடாது என்பதே பொருள். ஊழியருக்கு நியாயமான சம்பளம் தரலாம், அவசரத்துக்குச் சேமிக்கலாம். குறிப்பிட்ட காரியத்துக்கென வந்த நன்கொடையைத் தனிக் கணக்கில் எழுதி, காசோலைக்கு இருவர் கையொப்பத்தைக் கட்டாயமாக்குங்கள். நிதி நின்றுபோகும் நிலை தெரிந்தால், சேவை பெறுவோரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி, ஒவ்வொருவரின் விவரங்கள் அடங்கிய ஆவணங்களையும் அவர் சம்மதத்துடன் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகே கதவை மூடுங்கள்.