இன்ஜின் மிஸ் ஆகிறதா? பாகம் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பழைய பெட்ரோல் கார் ஐடிலிங்கில் குலுங்குகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் லைட் எரிகிறது. கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0302 என்று வருகிறது. உடனே பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கோ, அதற்குப் பொறி மின்சாரம் கொடுக்கும் காயிலோ வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டாவது சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருக்கும் பாகங்களை வைத்தே அதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அந்தச் சூட்டில் கன்வெர்ட்டரே உருகிப்போகலாம்.

குறியீட்டைப் படித்தல்

ஸ்டியரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி 2 என்ற இந்தக் கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. அதைவிடப் பழைய வண்டி என்றால், அதன் குறியீடுகளைப் படிக்கும் முறையை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

வந்த எண்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் திறந்து பாருங்கள். கோளாறு பதிவான நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, இன்ஜின் மேல் எவ்வளவு லோடு என்பதெல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும், அதனால் எழுதாமல் அழிக்காதீர்கள்.

பி0301, பி0302 என வந்தால் கடைசி இலக்கம் சிலிண்டர் எண். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று பொருள். எந்தப் பக்கம் முதல் சிலிண்டர் என்பதை மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம்.

காயிலை இடம் மாற்றிப் பார்த்தல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். செலவே இல்லை, பதிலும் தெளிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டிகளில் இதைச் செய்யலாம்.

இன்ஜின் ஆறியதும் சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டர் காயிலையும் மூன்றாவது சிலிண்டர் காயிலையும் கழற்றி இடம் மாற்றி மாட்டுங்கள். கனெக்டரின் பூட்டை மெதுவாக அழுத்துங்கள். பல வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். இப்போது குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுங்கள். பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது, அதை மாற்றலாம். மறுபடி பி0302 வந்தால் காயில் மேல் குற்றமில்லை. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

சில பழைய வண்டிகளில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்ந்து பொறி கொடுக்கும். அங்கே பி0301, பி0304 இரண்டும் ஜோடியாக வந்தால் அந்தப் பொதுக் காயில் மேல் சந்தேகப்படுங்கள்.

பிளக் சொல்லும் கதை

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது பொறி பலவீனம். நுனி எண்ணெயில் நனைந்திருந்தால் எரியும் அறைக்குள் ஆயில் இறங்குகிறது. நுனி சுத்தமாக இருந்து, பிளக் உட்காரும் குழியில் மட்டும் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் சீல் கசிகிறது. புதுக் காயில் மாட்டினாலும் அந்த ஆயில் அதன் ரப்பரைக் கெடுத்துவிடும். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடினால், பொறி அந்த வழியாகத் தப்பிப் போகிறது.

திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். பிளக் உட்காரும் அலுமினிய ஹெட்டில் மரை கெட்டால் செலவு பெரிது.

பி0300 வந்தால்

இங்கே காற்றையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஃபியூயல் ட்ரிம் எண்களைப் பாருங்கள், இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அவை காட்டும். ஐடிலிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ வேக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள்.

எதுவுமே பிடிபடாவிட்டால்

காயிலும் பிளக்கும் மாறியும் அதே சிலிண்டர் என்றால் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியில் காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். பெல்ட்டும் ஃபேனும் சுழலும், முடி, துணி கவனம்.

அப்புறம் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளவிடும் கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்திருந்தால் கேஸ்கெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் நல்ல மெக்கானிக்கிடம் போய்விடுங்கள், குறித்து வைத்த எண்களோடு.

எதைச் சரிசெய்தாலும் குறியீட்டை அழித்துவிட்டு, ஆறிய நிலையிலிருந்து நன்றாகச் சூடாகும்வரை ஒருமுறை ஓட்டுங்கள். லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனரில், இன்னும் உறுதியாகாத கோளாறுகளைக் காட்டும் பென்டிங் பட்டியலைப் பாருங்கள். மீதமிருக்கும் மிஸ்ஃபயர் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.