தியான இல்லத்தின் சுவர் ஈரத்தைச் சரிசெய்த என் அனுபவம்

சிங்கப்பூரில் பழைய சிற்றாலயம் ஒன்றைத் தியான இல்லமாக மாற்றி, தங்க வருவோரை வரவேற்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விருந்தினர் அறைகளில் பூஞ்சை வாடை எழுந்தது. மேசைகளில் வைத்திருந்த வேதாகமங்களின் அட்டைகளிலும் வெண்படலம் படர்ந்தது. அமைதி தேடி வந்த மூதாட்டி ஒருவர் இரவெல்லாம் இருமியதைக் கேட்டு மிகவும் வருந்தினேன்.

நீர் புகாத பெயிண்டை இருமுறை பூசினோம். இரண்டே மாதங்களில் அது கொப்பளித்து உதிர்ந்தது. பிறகே காரணம் விளங்கியது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய செங்கல் சுவர், தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியே ஆவியாக வெளியேற்றும்; சீரமைப்பின்போது பூசப்பட்ட சிமெண்டும் அதன்மேல் நாங்கள் அடித்த பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன.

உரிய அனுமதி பெற்று, சிமெண்ட் பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்கு அகற்றி, சுவரைப் பல வாரங்கள் உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையையே மீண்டும் பூசினோம். (1862இல் அர்ப்பணிக்கப்பட்ட, சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பூசிய இந்தியக் கைதிகளை நன்றியுடன் நினைத்துக்கொண்டேன்.) கூரையைத் தொட்டு நின்ற தடுப்புப் பலகைகளின் உயரத்தை 30 சென்டிமீட்டர் குறைத்து, ஆணியடித்து மூடியிருந்த மேல் ஜன்னல்களையும் திறந்தோம். பேச்சொலி அடுத்த அறைக்குக் கேட்கும் என்ற தயக்கம் இருந்தது. மௌனம் காக்கும் இல்லத்தில் அது இடையூறாகவில்லை.

அடுத்த பருவமழையில் வாடை எழவில்லை. வேதாகமங்களை மட்டும் இன்றும் வாரந்தோறும் வெளியே எடுத்துக் காற்றாட வைக்கிறோம்.